முன்கதவால் போ

தம்பி,

இதைக் கடையில் நின்றபடி வாசிக்காதே. மேலே வா, சப்பாத்தைக் கழற்று, மேசையில் இருந்து வாசி. நேற்றுப் பின்னேரம் படிக்கட்டில் நாங்கள் இருவரும் கதைத்ததைக் கதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஒரு சொல் சொல்ல நீ ஒரு படி இறங்கினாய். இன்னொரு சொல் சொல்ல இன்னொரு படி. கடைசியில் நான் கதவோடுதான் கதைத்துக்கொண்டு நின்றேன். படிக்கட்டில் நின்று வாதாடுகிற வயது எனக்குப் போய்விட்டது. ஆனால் எழுத்து இன்னும் கோடு பிசகாமல் வருகிறது. கன்னியாஸ்திரிகள் அடிமட்டத்தோடு பக்கத்தில் நின்று பழக்கிய கை இது. நான் எழுதுவதில் இரகசியம் எதுவும் இல்லை. உன் மனைவி வாசிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்முற்றத்தில் காரை நிறுத்திவிட்டு அரிசி வாங்கியவர்கள் கேட்டால் அவர்களுக்கும் கொடு. ஒளித்துச் செய்த காரியங்கள் இந்த வீட்டில் போதும்.

வியாழக்கிழமை காலை நகரசபையில் உனக்கு டெர்மின், நேரம் குறித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறந்து வியாபாரம் செய்ததாக வந்த முறைப்பாட்டுக்கு நீ நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டும். போகமாட்டேன் என்று நேற்றுச் சொன்னாய். அதற்கு முதல்நாளே, அதாவது நாளைக்கு, கடைத் திறப்புகளை வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டு, சாமான்களை வுப்பர்டாலில் உள்ள உன் சிநேகிதனின் கடைக்கு ஏற்றிவிட்டு, ரொறொன்ரோவில் இருக்கும் மச்சானிடம் போக ஒழுங்கு செய்திருக்கிறாய். நாளைப் பின்னேரம் பின்முற்றத்துக்கு வான் வருகிறது. இதில் ஒன்றையும் நீ எனக்குச் சொல்லவில்லை. நீ தொலைபேசியில் கதைத்தபோது கேட்டேன். இந்த வீட்டுச் சுவர் மெல்லியது, நீ மெல்லக் கதைக்கிறவனும் அல்ல.

கடை வைத்திருப்பதா விடுவதா என்பது உன் முடிவு. நீ கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் ஒரு பையோடு வந்து இறங்கியவன். பாத்திரம் கழுவி, நிலம் துடைத்து, கையில் ஒழுங்கான பத்திரம் வரும்வரை வருடக்கணக்காகக் காத்திருந்து, இந்தச் சிறு நகரத்தின் பிரதான வீதியில் உன் பெயரைக் கண்ணாடியில் எழுதினவன். அதை விட்டுப் போகிற உரிமையும் உனக்குத்தான். ஆனால் எப்படிப் போகிறாய் என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு ஏலாது, ஏனென்றால் இப்படி ஒரு போக்கை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்று வியாபாரம் எப்படித் தொடங்கியது என்பதை நான் மறக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானத்தோடு இந்த நாட்டில் வீதி முழுக்க அடைத்துவிடும். திங்கள்வரை ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. அப்படியான ஒரு ஞாயிறு எங்கள் ஆட்களில் ஒரு பெடியன் பின்கதவைத் தட்டினான். முகம் சவரம் செய்யவில்லை, கோட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. "அன்ரி, மனுசி பிள்ளையோட ஆசுப்பத்திரியால வந்திட்டா. பத்தியக்கறி வைக்கச் சரக்குத்தூள் இல்லை. ஒரு பக்கற் மட்டும்" என்றான். நீ இறங்கிப் போய் எடுத்துக் கொடுத்தாய். நீ போகாவிட்டால் நான் போயிருப்பேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மல்லியும் திங்கட்கிழமைவரை காத்திருக்காது.

அடுத்த ஞாயிறு, வுப்பர்டாலில் தமிழ்ப் பூசை முடிந்த கையோடு மூன்று நாலு பேர் வந்தார்கள். நீ தலையைச் சொறிந்துகொண்டு நின்றாய். அவர்களில் ஒருவன் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "என்ன அண்ணை, நாங்கள் பிள்ளை பெறேல்லையெண்டு அரிசி தரமாட்டியளோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நீ கதவைத் திறந்தாய், அதற்குப் பிறகு அது மூடவேயில்லை. கார்கள் வந்தன. கார்க் கதவை மெல்லச் சாத்த எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ஒருவன் பாட்டுப் போட்டான். பக்கத்துக் கடையின் பின்சுவரில் சாய்ந்து நின்று ஊர்ப் புதினம் கதைத்தார்கள், தேங்காய்ப்பூப் பக்கற்றின் விலை கேட்டார்கள், பிள்ளைகள் அந்தச் சுவரிலேயே பந்தடித்தார்கள். "ஞாயிறு ஆண்டவருக்கு" என்று உனக்குச் சொன்னேன். "அம்மா, இது பூசையால நேர வாற சனம். ஆண்டவர்தான் அனுப்புறார்" என்றாய். உன் அப்பாவிடமிருந்து வந்த வாய். ஆனால் உன் அப்பா பகிடியைச் சாட்டாக வைக்கிறவர் அல்ல.

பிறகு நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாய், சட்டைப்பைக்குள் வைத்தாய். "என்ன?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றாய். அன்றைக்குப் பின்னேரம் உன் மனைவியிடம், "பக்கத்துக் கிழவிதான் செய்திருக்கிறா" என்று சொன்னாய். அந்தக் கிழவி என்னைவிட இளையவள் என்பது வேறு கதை. அன்றிலிருந்து நீ பக்கத்துக் கடை லிண்ட்னர் அம்மாவுக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்தினாய். முன்பு நீயும் அவவும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நடைபாதையைக் கூட்டுவீர்கள். அவவின் தும்புத்தடி உன் எல்லைக்கு ஒரு முழம் தாண்டியும், உன்னுடையது அவவின் எல்லைக்கு ஒரு முழம் தாண்டியும் போகும். அது நின்றுவிட்டது. பிறகு நீ முன்கதவால் போவதையே நிறுத்தினாய். காலையில் பின்முற்றத்தால் கடைக்குள் போகிறாய், இரவில் பின்முற்றத்தால் மேலே வருகிறாய். கண்ணாடி உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கிவிட்டாய். வீதியில் போகிறவனுக்கு உள்ளே வெளிச்சம் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. ஒரு தவறும் செய்யாத நாட்களிலும் தவறு செய்தவன்போல் நடமாடுகிறாய். அந்த நடையைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. அது என் தகப்பனின் நடை.

உன் பாட்டனுக்குச் சுருட்டுக்கடை இருந்தது என்பது உனக்குத் தெரியும். எங்கே, எப்படி, ஏன் இல்லாமல் போனது என்று நீ கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கடை இல்லாத சிங்கள ஊர் இல்லை. என் ஐயாவின் கடை தெற்கில், காலிக்கு அப்பால் கடற்கரை ரோட்டில் ஒரு சிறு நகரத்தில் இருந்தது. மற்ற முதலாளிமார் மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வருவார்கள். ஐயா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார், ஏனென்றால் அங்கே கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் இருந்தது, அவருக்கு நான் இங்கிலீசு படிக்க வேண்டும்.

அந்த ஊருக்கு ஒரே ஒரு பெரிய வீதி. ரயில் நிலையத்தில் தொடங்கிக் கடலில் முடியும். நிலையத்தடியில் வண்டி மாடுகளுக்கு லாடம் அடிக்கிறவன். அவனுக்குப் பக்கத்தில் செட்டியாரின் அடகுக்கடை, எப்போதும் அரைக்கதவு சாத்தியபடி. பிறகு பறங்கி ஐயா ஒருவரின் இங்கிலீசு மருந்துக்கடை. சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் நிரப்பிய பெரிய கண்ணாடிக் குடுவைகள் யன்னலில் நிற்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதற்குள் வீதி தலைகீழாகத் தெரியும். அதற்கு எதிரே கரோலிஸ் என்ற சிங்களவரின் பாண் சுடுகிற போறணை. கறுவாப்பட்டை வாங்கி மூட்டை கட்டுகிற கடை ஒன்று, தையல்காரன் ஒருவன், மணிக்கூடு திருத்துகிறவன் ஒருவன். எங்கள் கடைக்கு ஒட்டினாற்போல் சேகு முதலாளி என்ற முஸ்லிம் வியாபாரியின் புடவைக்கடை. ஒரே வீதியில் நாலு மதம், அஞ்சு பாஷை. விலை மட்டும் எல்லோருக்கும் விளங்கும்.

எங்கள் கடைக்கு முன்தூணில் ஒரு தும்புக்கயிறு தொங்கும். அதன் நுனியில் எந்நேரமும் தணல் இருக்கும். சுருட்டு வாங்குகிறவன் அதில் பற்றவைத்துக்கொண்டு போவான். அப்படி ஒரு கயிறு எல்லாச் சுருட்டுக்கடையிலும் இருக்கும்தான். ஆனால் ஐயா ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்: சுருட்டை எங்கே வாங்கியிருந்தாலும் எங்கள் கயிற்றில் பற்றவைக்கலாம். கரோலிஸ் போறணை வேலை முடிந்து மாவும் வேர்வையுமாக வருவார். எதிர்ப்பக்கத்து மற்றச் சுருட்டுக்கடையில் வாங்கினதைக் காதில் செருகிக்கொண்டு, எங்கள் தூணடியில் நின்று பற்றவைத்து, தனக்குத் தெரிந்த தமிழில், "முதலாளி சுருட்டு சரியில்லை. முதலாளி நெருப்பு நல்ல நெருப்பு" என்பார். ஐயா சிரிப்பார். அந்தத் தூணடியில்தான் வீதியின் கதை முழுவதும் நடந்தது.

ஆனால் கடைக்குள் எங்கள் ஆட்கள் மட்டும்தான். சிப்பந்திகள் எல்லோரும் ஊரிலிருந்து வந்தவர்கள். கடைக்குள்ளேயே சமைத்து, கடைக்குள்ளேயே படுத்து, வீதிக்காரர்களோடு விலைக்கு மேல் ஒரு வார்த்தை கதைக்கமாட்டார்கள். "எங்கட வேலையை நாங்கள் பாப்பம்" என்பதுதான் ஐயாவின் முழு அரசியலும். யாராவது குறை சொன்னால் சிரித்துக்கொண்டு "ஓம் ஓம்" என்பார். அது சம்மதம் அல்ல, கதையை முடிக்கிற வழி. எங்கள் சனத்துக்கு அது மரியாதை. கேட்கிறவனுக்கு அது என்னவென்று நாங்கள் யோசிப்பதில்லை.

ஒருநாள் மத்தியானம், வீதி சாப்பிட்டுச் சாய்ந்திருந்த நேரம், சேகு முதலாளியின் பின்னறையில் தீப்பிடித்தது. வீதி முழுவதும் வாளியோடு ஓடி வந்தது. ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றார். கரோலிஸ் போறணைத் தண்ணீர்ப் பீப்பாவை உருட்டிக்கொண்டு வந்தார். அறையும் கொஞ்சம் துணியும்தான் போயின. யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. நான் அன்றைக்கு மடத்திலிருந்து வந்து பார்த்தபோது எல்லோரும் கரி முகத்தோடு நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஐயா கயிற்றைக் கழற்றிவிட்டார்.

அவரிடம் யாரும் கேட்கவில்லை. தணல் எங்களுடையது, தீ பக்கத்துக் கடையில், நாளைக்கு ஒருவன் சொல்ல முதல் நாங்களே எடுத்துவிடுவோம் என்று அவர் தனக்குள் நினைத்திருக்கிறார். கரோலிஸ் வழக்கம்போலச் சுருட்டோடு வந்து தூணைப் பார்த்தார். "முதலாளி, நெருப்பு எங்கே?" ஐயா சிரித்துக்கொண்டு ஒரு தீப்பெட்டியை நீட்டினார், சும்மா வைத்துக்கொள்ளும்படி. கரோலிஸ் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, திரும்பவும் மேசையில் வைத்துவிட்டு, பற்றவைக்காத சுருட்டோடு போனார். மத்தியானத்துக்கு முன்பே வீதியில் கதை பரவிவிட்டது: யாழ்ப்பாணத்தான் கயிற்றை எடுத்துவிட்டான், அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சேகு முதலாளி தானே கடைக்கு வந்தார். நான் மேசைக்குப் பின்னால் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். "நான் ஒங்கள ஒண்டும் செல்லல்லயே. ஏன் கவுற எடுத்தீங்க?" என்று கேட்டார். "பிரச்சினை வேண்டாமெண்டு" என்றார் ஐயா. சேகு முதலாளி மேசைக்குக் கிட்ட வந்தார். "பிரச்சின இப்பதான் வந்தீக்கி" என்றார். "நீங்க ஒரு வார்த்த செல்லுங்க. ஒங்கட கவுறு இல்லண்டு ஊருக்கு நான் செல்லுறன்." எவ்வளவு பெரிய வாசல் அது, யோசித்துப் பார். மனிதன் தன் எரிந்த அறையை விட்டுவிட்டு வந்து எங்களுக்குக் கதவைத் திறக்கிறான். ஐயா என்ன சொன்னார் தெரியுமா? சிரித்தார். "ஓம் ஓம்" என்றார். இருட்டான பின்னறையில் துணி மடிக்கிற பெண்ணின் விளக்குச் சரிந்ததால்தான் தீ வந்தது என்று அந்தக் கடைக்குள்ளேயே பிறகு தெரியவந்தது. எங்களுக்கு அது வந்து சேர்ந்தது யாழ்ப்பாணத்தில், எதற்கும் உதவாத காலத்தில்.

வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். கடன் கேட்டவர்கள் கேட்காமல் விட்டார்கள், அதுதான் கூடாத அறிகுறி. ஐயா யாரோடும் கதைக்கவில்லை. முன்வீதியை விட்டு, கடைக்குப் பின்னாலிருந்த சிறு ஒழுங்கையால் வரவும் போகவும் தொடங்கினார். மழைக்காலம் முடிய முதல் கடையை எதிர்ப்பக்கத்துச் சுருட்டுக்கடைக்காரனுக்கே கொடுத்துவிட்டார். வண்டி பின் ஒழுங்கையில் வந்து நின்றது. மடத்தில் சொல்லிவிட்டு வர எனக்கு நேரம் தரவில்லை; என் கதிரை அடுத்த நாள் வெறுமையாக இருந்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் ஏறும்போது கரோலிஸ் ஒழுங்கை முனையில் நின்றார். எப்படி அறிந்தாரோ தெரியாது. கடதாசியில் சுற்றிய பணிஸ் இரண்டை என் மடியில் வைத்தார். பிறகு ஐயாவிடம், "முதலாளி, முன்னுக்கு ஒரு கதவு இருந்தது" என்றார். தட்டுத்தடுமாறிய தமிழ்தான், ஆனால் ஐயாவுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் எதுவும் சொன்னதில்லை. ஐயா முன்னே பார்த்துக்கொண்டு வண்டிக்காரனிடம் "விடு" என்றார். அதற்குப் பிறகு அவர் பல காலம் இருந்தார். நல்லாக இருந்தார், நல்லாகச் சாப்பிட்டார். ஆனால் யாராவது தெற்குப் பக்கம் போய்வந்த கதை சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவார். தான் செய்யாத ஒன்றுக்காக ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க எழுந்து உள்ளே போனதை நான் பார்த்திருக்கிறேன். நீ அதைப் பார்க்கவில்லை.

ஆகையால் இன்று காலை, நீ வுப்பர்டாலுக்குப் பெட்டிகள் எடுக்கப் போன நேரம், நான் மண்ணிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு லிண்ட்னர் அம்மாவின் கடைக்குப் போனேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "அம்மா, உங்களுக்கு விளங்காது" என்றிருப்பாய். எனக்கு விளங்காதவை குறைவு. அந்தக் கடைக்குள் நீ என்றைக்காவது போனாயா? நூலும் பொத்தானும் ஊசியும் இழுப்பறை இழுப்பறையாக, ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கிற பொத்தானில் ஒன்று தைத்திருக்கிறது. எனக்கு உடனே அந்த மனுசியைப் பிடித்துவிட்டது. போர் முடிந்த பிறகு இங்கிலீசு ஆமிக்காரரின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தாவாம். அப்படிப் பழகிய இங்கிலீசு. பாதி மறந்துபோன இங்கிலீசு, ஆனால் நேரான இங்கிலீசு.

நானும் நேராகத்தான் கேட்டேன். "என் மகனைப் பற்றி நகரசபைக்கு அறிவித்தது நீங்களா?"

"ஓம், நான்தான்" என்றா. கையில் இருந்த நூற்கண்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அந்தப் பதிலுக்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை, தம்பி. மறுப்பா, அழுவா, வேறு யாரையாவது காட்டுவா என்று நினைத்திருந்தேன்.  "ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்கள் மகனிடம் இரண்டு முறை சொன்னேன். ஞாயிறு எனக்கு ஒரு நாள்தான் ஓய்வு, என் படுக்கையறை யன்னல் அந்த முற்றத்தைப் பார்க்கிறது என்று சொன்னேன். அவர் சிரித்தார். 'யா, யா' என்றார். அடுத்த ஞாயிறு இன்னும் கூடக் கார் வந்தது. இரண்டாம் முறையும் சொன்னேன். அப்போதும் சிரித்தார், 'யா, யா'. அவர் என் முகத்துக்கு நேரே 'இல்லை, எனக்கு வியாபாரம் வேண்டும்' என்று சொல்லியிருந்தால் நாங்கள் சண்டை பிடித்திருப்போம். சண்டை பிடித்தால் ஒரு முடிவு வரும். சிரிக்கிற மனிதரோடு நான் என்ன செய்வது? எனக்கு அவர் பதில் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறார் என்று விளங்கியது. ஆகவே அவர் பதில் சொல்லவேண்டிய இடத்துக்கு எழுதினேன்."

என் பிள்ளையைப் பற்றி ஒருவர் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. கோபம் யாரில் வந்தது என்று பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நீ என்னிடம், "இவங்களோட கதைச்சு வெல்ல ஏலாது" என்று நேற்றுச் சொன்னாய். நீ கதைத்தால்தானே வெல்வதும் தோற்பதும்? இரண்டு முறை உன்னோடு கதைக்க வந்தவளுக்கு நீ பாட்டனின் "ஓம் ஓம்"ஐ ஜேர்மனில் "யா, யா" என்று சொல்லிப் பல்லைத்தானே காட்டியிருக்கிறாய்?

நான் அவவிடம், "அவன் கடையை விட்டுவிட்டுப் போகப்போகிறான்" என்றேன். மறைக்க வேண்டிய காரணம் தெரியவில்லை. அப்போதுதான் அவ நூற்கண்டைக் கீழே வைத்தா. "அதற்காக நான் எழுதவில்லை" என்றா. "உங்கள் மகன் வர முதல் அந்தக் கடை நீண்ட காலம் வெறுமையாகக் கிடந்தது. இருட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் யார் வந்து பொத்தான் வாங்குவார்கள்? இப்போது அரிசிக்கு வருகிறவர்கள் என் யன்னலையும் பார்க்கிறார்கள். உங்கள் பெண்கள் சேலைச் சட்டைக்குக் கொக்கி வாங்குகிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன், கடையை அல்ல."

பிறகு என்னைக் கையைப் பிடித்துச் சுவரடிக்குக் கூட்டிப் போனா. அங்கே ஒரு பழைய படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. இந்த வீதிதான், ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டளவில், அவவின் பாட்டன் கடை வைத்த புதிதில் எடுத்தது. கல் பாவிய வீதி, ஒரு குதிரை வண்டி. தொப்பிக் கடை, சேணம் தைக்கிறவன், இறைச்சிக் கடை, பாண் கடை, எல்லாவற்றின் பெயரையும் விரல் வைத்துச் சொன்னா. வீதிக்காரர் எல்லோரும் படத்துக்காக நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் தத்தம் முன்கதவடியில், ஏப்ரன் கட்டியபடி. அவவின் பாட்டனுக்குப் பக்கத்தில், இன்றைக்கு உன் பெயர் எழுதியிருக்கிற இடத்தில், ஒரு மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு மேலே உள்ள பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கடல் கடந்து வரும் சாமான்கள் என்று சொன்னா: தேயிலை, கோப்பி, கறுவா, புகையிலை. அவர் எங்கிருந்து கறுவா வாங்கினாரோ எனக்குத் தெரியாது. ஆனால் நான் சின்னப்பிள்ளையாகப் பார்த்த வீதியில் கட்டிய மூட்டைகள் கப்பலில்தான் போயின. அவை போன இடங்களில் ஒன்று உன் கடையாக இருந்திருக்கலாம். நீ இந்த வீதிக்குப் புதிதாக ஒன்றையும் கொண்டுவரவில்லை, தம்பி. உன் கடையில் எப்போதும் தூரத்துச் சாமான்தான் விற்றார்கள். அந்த மீசைக்காரர் கதவடியில் நின்று விற்றார், அவ்வளவுதான்.

நான் வெளிக்கிடும்போது லிண்ட்னர் அம்மா, "வியாழக்கிழமை அவர் அலுவலகத்துக்குப் போனால் நானும் போவேன்" என்றா. "முறைப்பாட்டை நான் திருப்பி எடுக்கமாட்டேன். அது உண்மை. ஆனால் அவர் வாயால் 'இனி ஞாயிறு இல்லை' என்று சொன்னால், நான் நம்புகிறேன் என்று அவர்களுக்கு என் வாயால் சொல்வேன்." அதைக் கேட்கும்போது எனக்குச் சேகு முதலாளி மேசைக்கு முன்னால் நின்றது தெரிந்தது. இந்த வாசல் எங்கள் குடும்பத்துக்கு இரண்டாம் தரம் திறக்கிறது.

ரொறொன்ரோவைப் பற்றி எனக்கு எதிர்ப்பு இல்லை. "அங்க வீதி முழுக்க எங்கட ஆக்களின்ர கடைதான் அம்மா" என்று ஆசையாகச் சொன்னாய். இருக்கட்டும். ஆனால் அங்கேயும் ஒருவன் பக்கத்துக் கடையிலிருந்து வந்து குறை சொல்வான், அவன் தமிழனாகவும் இருப்பான், அவனுக்கும் நீ "ஓம் ஓம்" என்பாய். ஊரை மாற்றலாம், அந்தச் சிரிப்பை நீ விமானத்தில் ஏற்றிக்கொண்டுதானே போவாய்? ஞாயிற்றுக்கிழமை வருகிற எங்கள் சனத்துக்கும் நீ இதுவரை ஒரு "இல்லை" சொல்லவில்லை. சொல்லிப் பார். கோபித்துக்கொண்டு போகிறவன் சனிக்கிழமை காலையில் வருவான். அரிசி வேண்டுமென்றால் வந்துதானே ஆகவேண்டும். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள் தேவைப்பட்டால் என்னிடம் மேலே அனுப்பு. என் அலுமாரியிலிருந்து கொடுப்பேன், விலைக்கு அல்ல. அதற்கு எந்த நகரசபையும் என்னைக் கூப்பிடாது, கூப்பிட்டால் போவேன்.

உன் அப்பா இருந்தபோது என்னைப் பற்றி ஒரு பகிடி சொல்வார், நினைவிருக்கிறதா? "உன்ர அம்மா மோட்சத்துக்குப் போனாலும், வாசல்ல நிக்கிற இராயப்பரின்ர திறப்புக் கறள் பிடிச்சிருக்கெண்டு சொல்லிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போவா." சொல்வேன்தான். கறள் பிடித்திருந்தால் ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

இப்போது கேள். பின்கதவைப் பூட்டிவிட்டேன். படிக்கட்டு ஆணியில் தொங்கிய திறப்பு என்னிடம் இருக்கிறது. எங்கே என்று தேடாதே. பெட்டியைக் கிளறினால் எனக்குத் தெரியும். நாளைக்கு வான் வந்தால் முன்னுக்கு, வீதியில் நிற்கட்டும். நீ போகத்தான் போகிறாய் என்றால் அரிசி மூட்டைகளை முன்கதவால் தூக்கு, பாண்கடைக்காரன் பார்க்க, லிண்ட்னர் அம்மா பார்க்க. அவவின் கடைக்குள் போய் உன் வாயால் போய்வருகிறேன் என்று சொல். அப்படிப் போனால் நானும் உன்னோடு வருவேன், ரொறொன்ரோவுக்கென்றாலும் எங்கேயென்றாலும், ஒரு முறைப்பாடும் இல்லாமல். என்னைப் பத்து வயதில் ஒரு பின் ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னொரு முறை என்னை அப்படிக் கூட்டிக்கொண்டு போக நான் விடமாட்டேன்.

போகாவிட்டால், வியாழக்கிழமை காலை நான் மண்ணிறக் கோட்டோடு முன்கதவடியில் நிற்பேன். சவரம் செய்துகொண்டு இறங்கி வா. நீ வரவில்லையென்றால் லிண்ட்னர் அம்மாவோடு நான் போவேன். எனக்குத் தெரிந்த ஜேர்மன் கொஞ்சம்தான். ஆனால் அதில் "யா, யா" இல்லை.

அம்மா